தாத்தாவுக்கு பாரீஸ்... நமக்கு கிளாம்பாக்கம்!

விடியக்காலை அஞ்சு மணி. ராத்திரி முழுக்க பஸ் சீட்டில் சாய்ந்து கழுத்து ஒரு பக்கமாப் பிடிச்சிருக்கும். அம்மா கட்டிக்கொடுத்த புளியோதரை பொட்டலம் பைக்குள்ள நசுங்கிக் கிடக்கும். அப்போ கண்டக்டர் குரல்: "கிளாம்பாக்கம்... கிளாம்பாக்கம்லாம் எறங்குங்க. வண்டி இதுக்கு மேல போகாது!"

வீரகேரளம்புதூரில் இருந்து கிளம்பி, சுரண்டையிலோ தென்காசியிலோ பஸ் பிடிச்சு சென்னைக்குப் படிக்க வர்ற யாருக்கும் இந்தக் காட்சி அத்துப்படி. இறங்கினதும் முதல் வேலை, ஊருக்கு போன். "ஆச்சி, மெட்ராஸ் வந்துட்டேன்."

வந்துட்டீங்களா? பாரிமுனை அங்கேயிருந்து முப்பது கிலோமீட்டருக்கும் மேல இருக்கு பாஸ்!

இதே போனை உங்க தாத்தா காலத்தில் செய்திருந்தால் (அப்போ ட்ரங்க் கால், அதுவும் யாராவது செத்தால்தான்) அவர் பாரீஸ் கார்னரில் நின்று பேசியிருப்பார். கோட்டை, ஹைகோர்ட், துறைமுகம் எல்லாம் நடக்கிற தூரம். வெளியூர் பஸ்கள் அங்கேதான் போய் நின்றன. உங்க சித்தப்பா இன்ஜினீயரிங் முடிச்சு வேலை தேடி வந்தது 2002 நவம்பருக்கு அப்புறம் என்றால், அவர் இறங்கியது கோயம்பேடு. ஆசியாவிலேயே பெரிய பஸ் ஸ்டாண்டுகளில் ஒன்று என்று ஊரே வாயைப் பிளந்து பார்த்தது. நீங்க? 2023 டிசம்பர் 30-ஆம் தேதி திறந்த கிளாம்பாக்கம்.

ஒரே குடும்பம், மூணு தலைமுறை, மூணு மெட்ராஸ். ஊர் அப்படியேதான் இருக்கு. மெட்ராஸ்தான் நம்மை நோக்கி நகர்ந்து வந்துக்கிட்டே இருக்கு. ஆனா அது தானா நகரலை. எங்கே பஸ் நிற்கணும், எங்கே கம்பெனி வரணும், எங்கே வீடு கட்டலாம், எங்கே கட்டக்கூடாது... இதையெல்லாம் ஒரு மேப்பில் கலர் கலராகப் பூசி, இருபது வருஷத்துக்கு முன்னாடியே முடிவு பண்ற ஒரு சமாச்சாரம் இருக்கு. பேரு, மாஸ்டர் பிளான். அரசாங்கத் தமிழில், முழுமைத் திட்டம்.

'ஐயோ, சிவில் இன்ஜினீயரிங் பசங்க படிக்கிற போர் சப்ஜெக்ட்டா?' என்று பக்கத்தைத் திருப்பிடாதீங்க. 2046-ல் உங்களுக்கு நாற்பது வயசு இருக்கும். அப்போ நீங்க எந்த ஏரியாவில் வாடகை கொடுப்பீங்க, வேலைக்குப் போக எத்தனை மணி நேரம் ட்ராஃபிக்ல நிற்பீங்க, மழை பெஞ்சா வீட்டுக்குள்ள தண்ணி வருமா, இதையெல்லாம் தீர்மானிக்கிற மேப்புக்கான வேலை ஆரம்பிச்சு சில வருஷம் ஆச்சு.

மார்க்கெட்டைத் தூக்கிட்டுப் போன கதை

தமிழ்நாட்டில் நகர் ஊரமைப்புச் சட்டம் வந்தது 1971. அதுக்கப்புறம் சென்னையைப் பார்த்துக்கொள்ள எம்.எம்.டி.ஏ. என்று ஓர் அமைப்பு உருவாகி, 1974-ல் சட்டப்படியான அந்தஸ்து வாங்கியது. இன்றைக்கு நாம சி.எம்.டி.ஏ. என்கிறோமே, அதே சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்தான். மெட்ராஸ் சென்னை ஆனதும் முதல் எழுத்து மாறிப்போச்சு. அவர்கள் போட்ட முதல் மாஸ்டர் பிளான் 1975-ல் வெளிவந்தது.

அந்தப் பிளானின் முக்கியமான கவலை ஒன்றுதான். எல்லாமே பாரிமுனைப் பக்கம் போய் முட்டுது, மூச்சு விட முடியலை. அதனால் ஒவ்வொன்றாய் வெளியே தூக்கு. கொத்தவால்சாவடி காய்கறி மார்க்கெட் கோயம்பேட்டுக்குப் போச்சு (1996). இரும்புக் கடைகள் சாத்தங்காட்டுக்கு. லாரிகள் மாதவரத்துக்கு. வெளியூர் பஸ்கள் கோயம்பேட்டுக்கு. ஊருக்கு வெளியே துணை நகரங்கள் வேணும் என்று மறைமலை நகர் மாதிரி இடங்களையும் குறித்து வைத்தார்கள்.

வருஷத்தைக் கவனிச்சீங்களா? பிளான் 1975. மார்க்கெட் நகர்ந்தது 1996. பஸ் ஸ்டாண்ட் 2002. பேப்பரில் எழுதினது தரைக்கு வர இருபது, இருபத்தேழு வருஷம்! பிளான் போட்டபோது காலேஜில் படிச்சவர், பஸ் ஸ்டாண்ட் திறக்கும்போது தன் பையனை காலேஜில் சேர்க்க அலைந்துகொண்டிருப்பார்.

இதில் ஒரு தமாஷ். கோயம்பேடு 'ஊருக்கு வெளியே' என்றுதான் தேர்ந்தெடுத்தார்கள். போய்ச் சேர்வதற்குள் அது ஊருக்கு நடுவே வந்துவிட்டது. அப்புறம் என்ன, அங்கேயிருந்தும் தூக்கு. 2024 ஜனவரியில் தென்மாவட்ட பஸ்களை கிளாம்பாக்கத்துக்கு மாற்றினார்கள். 88 ஏக்கரில் கிட்டத்தட்ட 400 கோடி ரூபாய் செலவில் கட்டிய பஸ் ஸ்டாண்ட், பார்க்க ஏர்போர்ட் மாதிரி பளபள. ஆனா திறந்த அன்னிக்கு வாசலில் ஒரு ரயில்வே ஸ்டேஷன் கிடையாது. தாம்பரம்-செங்கல்பட்டு ரயில் பாதை ரோட்டுக்கு அந்தப் பக்கமே ஓடுது. ரயில் போறது கண்ணுக்குத் தெரிஞ்சது, ஏறணும்னா அப்போ வண்டலூரோ ஊரப்பாக்கமோ போக வேண்டியிருந்தது. மூட்டை முடிச்சோட வந்தவங்க பாடு அப்போ பேப்பரில் பக்கம் பக்கமா வந்தது.

சென்னைப் பிளான்களின் ஜாதகமே இதுதான் என்று எனக்குத் தோணுது. ஒரு பொருளைத் தூக்கி வெளியே வைக்கிறதில் கில்லாடிகள். அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற ரயிலும் பஸ்ஸும் மட்டும் பத்து வருஷம் லேட்டா வரும்.

வேளச்சேரி பறக்கும் ரயிலைக் கேளுங்க, சொல்லும். பீச்சில் இருந்து மயிலாப்பூருக்கு 1997-ல் வந்தது. வேளச்சேரிக்கு 2007. அங்கேயிருந்து பரங்கிமலைக்கு வெறும் அஞ்சு கிலோமீட்டர்தான். நிலம் எடுக்கிற வழக்கில் ஆதம்பாக்கம் பக்கம் அரை கிலோமீட்டர் மாட்டிக்கொண்டது. பதினஞ்சு வருஷத்துக்கு மேல தூண்கள் மட்டும் ஆகாசத்தைப் பார்த்துக்கிட்டு நின்றன. ரயிலேறி ஏர்போர்ட் பக்கம் போகலாம் என்று நம்பி அங்கே வீடு வாங்கினவங்க பிள்ளைகள் பைக் ஓட்டவே கத்துக்கிட்டாங்க!

பிளான் கோர்ட்டில்... நகரம் ரோட்டில்!

முதல் பிளானுக்கு அடுத்து இரண்டாவது எப்போ? வரைவு 1995-லேயே ரெடி. அப்புறம் வழக்கு, திருத்தம், புது வரைவு என்று இழுத்து அரசு ஒப்புதல் கிடைச்சது 2008 செப்டம்பரில். நடுவில் பதிமூணு வருஷம்.

அந்தப் பதிமூணு வருஷம் சென்னை சும்மா கையைக் கட்டிக்கிட்டா இருந்தது? ஃபோர்டும் ஹூண்டாயும் வந்தது அப்போதான். டைடல் பார்க் 2000-ல் திறந்தது. பழைய மகாபலிபுரம் ரோடு ஓ.எம்.ஆர். ஆகி, ஐ.டி. கம்பெனிகள் வரிசை கட்டினது அப்போதான். அதே 2000-ல் தான் அதே ரோட்டோரம் கண்ணகி நகர் உருவானது. கூவம் கரை, அடையாறு கரை, ரயில்வே லைன் ஓரம் என்று நகரத்துக்குள் குடிசை போட்டிருந்தவர்களை அங்கே குடியேற்றினார்கள். கண்ணகி நகரில் மட்டும் 15,000-க்கும் மேற்பட்ட சின்னச் சின்ன வீடுகள். அடுத்து செம்மஞ்சேரி, அதுக்கும் அடுத்து பெரும்பாக்கம்.

இதில் யோசிச்சுப் பார்க்க வேண்டியது ஒண்ணு இருக்கு. ஐ.டி. கம்பெனிக்கு ரோடு வந்தது, ஆபீஸ் வந்தது. கண்ணகி நகருக்கு ஜனங்கள் முதலில் வந்தாங்க. ஸ்கூல், ஆஸ்பத்திரி, பஸ் எல்லாம் பின்னால், கேட்டுக் கேட்டு, போராடி வந்தது. மயிலாப்பூரில் வீட்டு வேலை, பாரிமுனையில் மூட்டை தூக்கும் வேலை என்று இருந்தவங்களுக்கு வேலை அங்கேயே நின்றது, வீடு மட்டும் இருபது கிலோமீட்டர் தள்ளிப் போச்சு. விடிகாலை பஸ்ஸை விட்டா அன்னைக்குக் கூலி போச்சு. எட்டாவது, பத்தாவது படிச்சுக்கிட்டிருந்த எத்தனையோ பிள்ளைகள் நடுவிலேயே நின்னாங்க. பிளானில் 'குடியிருப்பு' என்று ஒரே கலர்தான் பூசுவாங்க. அதுக்குள்ள யார் வீடு, யாருக்கு எவ்வளவு தூரம் என்பதெல்லாம் அந்தக் கலரில் தெரியாது.

அப்புறம் பள்ளிக்கரணை. இதை நம்ம ஊர்க்காரங்களுக்குப் புரிய வைக்கிறது ரொம்ப ஈஸி. சிற்றாற்றுத் தண்ணியைக் கால் வழியா ஒரு குளத்துக்குக் கொண்டுவந்து, அது நிறைஞ்சதும் மறுகால் பாய்ந்து அடுத்த குளம், அது நிறைஞ்சா அதுக்கடுத்த குளம் என்று நம்ம பக்கம் கோத்து வெச்சிருக்காங்க இல்லையா? தென்சென்னைப் பக்கமும் அதே கதைதான். முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரித் தண்ணி கடைசியா வந்து சேர்கிற இடம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். ஒரு காலத்தில் சுமார் 5,000 ஹெக்டேர் இருந்தது என்பார்கள். குப்பைக் கிடங்கு, ரோடு, கல்வி நிறுவனங்கள், ஐ.டி. கட்டடங்கள், அடுக்குமாடிகள் என்று ஆளாளுக்குக் கடிச்சது போக மிச்சம் இருப்பது அதில் சின்னத் துண்டு. அதில் ஒரு பகுதியை 2007-ல் காப்புக்காடு என்று அறிவிச்சாங்க. 2022-ல் ராம்சர் பட்டியலில் இடம் கிடைச்சது, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்கிற அந்தஸ்து.

சதுப்பு நிலத்தைப் பார்த்தால் ஒன்றுக்கும் உதவாத தரிசு மாதிரிதான் தெரியும். குளத்தங்கரையில் பிறந்து வளர்ந்த ஒரு ஆளை அந்தப் பிளான் ரூமில் உட்கார வெச்சிருந்தால், 'ஏல, மறுகால் தண்ணி போற எடத்துல எவனாவது வீடு கட்டுவானாலே?' என்று கேட்டிருப்பார். 2015 டிசம்பரில் முடிச்சூரிலும் வேளச்சேரியிலும் படகு விட்டபோது தான் அந்தக் கேள்வியை டி.வி.யில் ஆளுக்கு ஆள் கேட்டார்கள்.

கோட்டுக்கு அந்தப் பக்கம்

இரண்டாவது பிளானை ஒரேயடியாகத் திட்டுவதும் நியாயம் இல்லை. அதைப் படிச்சுப் பார்த்தால் நல்ல விஷயங்கள் நிறைய இருக்கு. செங்குன்றம் ஏரிக்குத் தண்ணி வர்ற நீர்ப்பிடிப்புப் பகுதியில் இஷ்டத்துக்குக் கட்டக்கூடாது, திருவான்மியூருக்குத் தெற்கே கடலோர மணலில் நல்ல தண்ணி ஊறுகிற இடத்தைக் காப்பாத்தணும் என்றெல்லாம் எழுதியிருக்கு. 2001-ல் 70 லட்சமாக இருந்த மக்கள்தொகை, 2026-ல் 1 கோடியே 26 லட்சம் ஆகும் என்று கணக்குப் போட்டு, அத்தனை பேருக்கும் தண்ணி, வீடு, ரோடு எங்கே என்று பக்கம் பக்கமாக யோசிச்சிருக்காங்க.

சிக்கல் எங்கே என்றால், அந்தப் பிளான் பார்த்தது 1,189 சதுர கிலோமீட்டரை மட்டும்தான். தெற்கே அந்தக் கோடு வண்டலூர், கிளாம்பாக்கம் பக்கத்தோடு முடிஞ்சுபோகும். கார் கம்பெனிகள் எங்கே போச்சு? ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, மறைமலை நகர். எல்லாம் கோட்டுக்கு அந்தப் பக்கம். அங்கே வேலை பார்க்கிறவங்க வீடு, அவங்க பிள்ளைகளுக்கு ஸ்கூல், அவங்க குடிக்கிற தண்ணி இதெல்லாம் சென்னை மேப்பில் வராது. நகரம் கோட்டைத் தாண்டி ரொம்ப தூரம் ஓடிப்போச்சு, பிளான் கோட்டுக்குள்ளேயே நின்னு வேடிக்கை பார்த்தது.

2022 அக்டோபரில்தான் எல்லையை 5,904 சதுர கிலோமீட்டராக விரித்து அரசாணை வந்தது. ஒரே தாவலில் அஞ்சு மடங்கு! திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு எல்லாம் தாண்டி ராணிப்பேட்டை மாவட்டத்து அரக்கோணம் பக்கம் வரைக்கும் இப்போ சென்னைப் பெருநகரம். நேற்று வரை நெல் அறுத்துக்கிட்டிருந்த கிராமத்துக்காரர், ஒரு கெஜட் அறிவிப்பில் மெட்ரோபாலிட்டன் ஆளாகிட்டார். அவர் நிலத்துக்கு அருகில் 'சென்னை பெருநகர எல்லைக்குள்!' என்று பிளாட்காரர்கள் போர்டு வைக்க எத்தனை நேரம் ஆகும்?

சிங்கப்பூரைப் பற்றி இந்த இடத்தில் பேசாமல் இருக்க முடியாது (பிளானிங் என்று யார் வாயைத் திறந்தாலும் சிங்கப்பூர் வந்துடும், அது ஒரு வியாதி). 1971-ல், நம்ம ஊர்ச் சட்டம் வந்த அதே வருஷம், அவங்க 'கான்செப்ட் பிளான்' என்று ஒன்று போட்டாங்க. புதுக் குடியிருப்பு நகரங்கள் எங்கே, ரயில் எந்த வழியில் போகணும் என்று அதிலேயே வரைஞ்சு வெச்சாங்க. ரயில் ஓடியது 1987-ல்தான். ஆனா நடுவில் அந்த வழியைக் கையில் வெச்சுக்கிட்டாங்க. அங்கே நிலம் பெரும்பாலும் அரசாங்கத்தோடது, கம்பங்களில் குடியிருந்தவங்களை எழுப்பி அனுப்பினதில் கண்ணீர்க் கதைகளும் உண்டு. அதனால் 'அங்கே பாரு, இங்கே பாரு' என்று நம்மை நாமே திட்டிக்க வேண்டாம். எடுத்துக்க வேண்டியது ஒரே ஒரு பாயின்ட்: ஜனங்களை அனுப்புறதுக்கு முன்னாடி, ரயில் போற வழியை முடிவு பண்ணி வை.

நீங்க கேட்கலாம், சட்டமே சொல்லுது

இரண்டாவது பிளானின் காலக்கெடு 2026. அது ஒப்புதல் வாங்கினபோது உங்களில் பல பேர் எல்.கே.ஜி. கூடப் போயிருக்க மாட்டீங்க, உங்களை யாரும் கேட்டிருக்கவும் முடியாது. மூன்றாவது பிளான் அப்படி இல்லை. 2046 வரைக்குமான அந்தப் பிளானுக்கான வேலை தொடங்கி, 2022 வாக்கிலேயே மக்களிடம் கருத்துக் கேட்கும் கூட்டங்களும் நடந்தன. உங்க காலேஜ் பக்கத்திலேயே நடந்திருக்கலாம். எத்தனை பேர் போனீங்க? சரி, வேண்டாம். நானும் கையைத் தூக்கலை!

1971 சட்டத்தில் ஓர் அருமையான ஷரத்து இருக்கு. எந்த மாஸ்டர் பிளானாக இருந்தாலும் வரைவை வெளியிட்டு, ஆட்சேபமும் யோசனையும் சொல்ல இரண்டு மாசத்துக்குக் குறையாமல் அவகாசம் கொடுக்கணும். எழுத்தில் யார் வேணும்னாலும் கொடுக்கலாம். சென்னையில் சொந்த வீடு இருக்கணும் என்றெல்லாம் கட்டாயம் இல்லை. ஹாஸ்டலில் இருக்கிற வீ.கே.புதூர்க்காரரும் ஒரு பக்கம் எழுதிப் போடலாம்.

என்ன எழுதுறது? பெரிசா ஒண்ணும் வேண்டாம். நீங்க தினமும் போற வழியை எழுதுங்க. பெருங்களத்தூரில் இறங்கி காலேஜ் பஸ்ஸுக்கு எவ்வளவு நேரம் நிற்கிறீங்க, ராத்திரி ஒன்பது மணிக்கு மேல ஒரு பெண் கிளாம்பாக்கத்தில் இருந்து ஹாஸ்டலுக்கு எப்படிப் போறா, மழைக்கு எந்தத் தெருவில் முட்டளவு தண்ணி நிற்குது. பிளான் போடுறவங்ககிட்ட சாட்டிலைட் படம் இருக்கும். அந்தத் தெருவில் செருப்பைக் கையில் பிடிச்சுக்கிட்டு நடந்த அனுபவம் உங்ககிட்டதான் இருக்கு.

வரைவு வந்து, அவகாசம் முடிஞ்சு, ஒப்புதலும் கிடைச்சாச்சு என்றாலும் கதை முடியாது. பிளானில் விவசாயம் என்று பச்சையா இருக்கிற சர்வே நம்பரை, குடியிருப்பாவோ தொழிற்சாலையாவோ மாத்தித் தரச் சொல்லி விண்ணப்பம் போடுவாங்க. நில உபயோக மாற்றம் என்று பேர். பேப்பரில் ஒரு மூலையில் பொடி எழுத்தில் விளம்பரம் வரும். ஆட்சேபம் உள்ளவர்கள் தெரிவிக்கலாம் என்று இருக்கும். சினிமா விளம்பரத்தைப் பார்க்கிற நாம அதை எங்கே பார்க்கிறோம்? இருபது வருஷ மேப் ஒரே நாளில் கிழியறதில்லை. இப்படி ஒவ்வொரு சர்வே நம்பராகத்தான் பூச்சி அரிக்குது.

இங்கே நம்ம ஊரில்...

'சென்னை எப்படியோ போகட்டும், நான் படிச்சு முடிச்சதும் ஊருக்கு ஓடிடுவேன்' என்கிற கட்சியா நீங்க? வாங்க, கை கொடுங்க. ஆனா ஊருக்கு வந்து பார்த்தால் மேப் அங்கேயும் வந்து நிற்குது.

தென்காசி 2019 நவம்பரில் தனி மாவட்டம் ஆச்சு. திருநெல்வேலி-தென்காசி ரோட்டை நாலு வழியாக்க, நிழல் கொடுத்த மரங்கள் விழுந்தன. மத்தளம்பாறையில் ஸோஹோ வந்து, சாஃப்ட்வேர் எழுத சென்னைதான் போகணும் என்கிற கட்டாயத்தைக் கொஞ்சம் உடைச்சது. ஊர்ப்பக்கமே வேலை கிடைச்சா சென்னைக்கும் பாரம் குறையும். பெருநகரத்தின் பிரச்னையை அந்த நகரத்துக்குள்ளேயே உட்கார்ந்து தீர்க்க முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியலை.

ஆனா ரோடு வந்தால், வேலை வந்தால், அதுக்குப் பின்னாலேயே கல் நட ஆளும் வரும். தென்காசிப் பக்கம் எந்த பஸ்ஸிலும் ஜன்னலோரம் உட்காருங்க. போன வருஷம் நாத்து நட்ட வயலில் இந்த வருஷம் மஞ்சள் பெயின்ட் அடிச்ச கல்லு வரிசையா நிற்கும். 'அப்ரூவ்டு' என்று கொட்டை எழுத்தில் ஆர்ச். அந்த வார்த்தைக்கு ஒரு சரித்திரம் உண்டு. அனுமதி இல்லாத மனைகளைப் பத்திரம் பதியக்கூடாது என்று சென்னை ஹைகோர்ட் 2016 செப்டம்பரில் தடை போட்டது. மாநிலம் முழுக்க ரிஜிஸ்டர் ஆபீஸ்கள் காத்து வாங்கின. பெண்ணுக்குக் கல்யாணம் வெச்சுக்கிட்டு, சீட்டுப் போட்டு வாங்கின அஞ்சு சென்ட்டை விற்க முடியாமல் தவிச்ச குடும்பங்கள் எத்தனையோ. 2017-ல் வரைமுறைப்படுத்த விதிகள் வந்த பிறகுதான் மூச்சு வந்தது. அதாவது, பல வருஷமா எந்தப் பிளானும் இல்லாமல் ஊர் ஊராக மனை போட்டு வித்தாச்சு, அப்புறம் உட்கார்ந்து சரி பண்ணினோம்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம்ம பக்கத்து ஆளுங்க மறந்திருக்க மாட்டீங்க. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரை புரண்டு நெல்லையும் தூத்துக்குடியும் மிதந்தன. தென்காசி மாவட்டத்திலும் குளங்கள் நிறைஞ்சு மறுகால் பாய்ந்தது. தண்ணி தன் பழைய பாதையைத் தேடிப் போகும்போது, அங்கே மஞ்சள் கல்லு நிற்குதா, மதில் சுவர் நிற்குதா என்று பார்க்காது.

ஊத்துமலை ஜமீன் இருந்த ஊர் வீரகேரளம்புதூர். அண்ணாமலை ரெட்டியார் காவடிச்சிந்து பாட ஆதரவு கொடுத்தது அந்த ஜமீன்தான் என்று தமிழ் வாத்தியார் சொல்லியிருப்பார். அந்தக் காலத்தில் எந்தக் கால் எந்தக் குளத்துக்கு, எந்த மடை எந்த வயலுக்கு என்று ஊருக்கு ஊர் ஒரு கணக்கு இருந்தது. மாஸ்டர் பிளான் என்று அதற்குப் பேர் வைக்கலை, அவ்வளவுதான். சென்னைக்கு அந்தக் கணக்கு தெரியாமல் போனதால் வந்த வினையைத்தான் இவ்வளவு நேரம் பேசினோம். நமக்கு இன்னும் தெரியும், பெரியவங்க உயிரோட இருக்காங்க. அடுத்த தடவை லீவில் போகும்போது தாத்தாவைக் கூட்டிக்கிட்டு ஒரு ரவுண்டு போங்க. எந்தக் குளத்து மறுகால் எங்கே போகும் என்று அவர் கையைக் காட்டுவார், நீங்க செல்போனில் குறிச்சுக்குங்க. அப்படியே தாலுகா ஆபீஸுக்கும் ஒரு நடை. அவர் காட்டின ஓடை எந்த சர்வே நம்பரில் 'புறம்போக்கு' என்று இருக்குன்னு கேட்டு எழுதிக்குங்க.

இன்னொரு விஷயம். சுமார் இரண்டரை ஏக்கருக்கு மேல மனை போட்டால், ரோடு போக மிச்ச நிலத்தில் பத்து சதவீதத்தைப் பார்க், விளையாட்டு மைதானம் மாதிரிப் பொது உபயோகத்துக்கு ஒதுக்கி உள்ளாட்சிக்கு தானப் பத்திரம் எழுதிக் கொடுக்கணும் என்பது விதி. காலி இடமா இருக்கிறதால அதையும் பிளாட்டு போட்டு வித்துட்டதாக எத்தனையோ ஊர்களில் வழக்கு நடக்குது. உங்க ஊர் கிராமப் பஞ்சாயத்து என்றால், குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி அன்றைக்கெல்லாம் கிராம சபை கூடும். எல்லாமே காலேஜ் லீவு நாள். போய் உட்கார்ந்து, "நம்ம ஊர்ல இதுவரைக்கும் எத்தனை லேஅவுட் போட்டிருக்காங்க, ஒவ்வொண்ணுலயும் அந்தப் பத்து சதவீதம் எங்க இருக்கு?" என்று கேட்டு, பதிலைத் தீர்மான நோட்டில் எழுதச் சொல்லுங்க. முதல் தடவை யாராவது, "இவன் யாருல, மெட்ராஸ்ல படிக்கவன்லா?" என்று திரும்பிப் பார்ப்பாங்க. பார்க்கட்டும்.